இரண்டாவது குழாய்

மிஸ்,

இன்று காலை என் மனிசி யோகம் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க உட்கார்ந்து, புதுச் சவர்க்காரத் தூள் பைக்கற்றைப் பல்லால் கிழித்தாள். எலுமிச்சை வாசம் குசினி வாசல் வரைக்கும் வந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற நான், கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வளவின் பின்பக்கம் போய்விட்டேன். மற்றவர்களுக்கு அது சுத்தத்தின் வாசம். எனக்கு அது வந்த இடத்தில் நிற்க ஏலாது. ஏன் என்று யோகத்துக்குத் தெரியும், அதனால் அவள் கேட்கமாட்டாள். உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. உங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்தும், உங்கள் தம்பியிடம் ஒரு ஆறுதல் வார்த்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் எழும்பி வந்தவன் நான். வாயால் வராதது கையால் வருகிறதா என்று பார்க்கிறேன். உங்களிடம் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். கேட்க ஒரு மன்னிப்பும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் படும் பாடு போதும்.

நீங்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தாதியாக மாற்றலாகி வந்த நாளில் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது. காட்டோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி, இரண்டு வாட்டு, ஒரு டொக்டர். கட்டில் தள்ளுவது, தரை துடைப்பது, கருவிகளைக் கழுவி அவிப்பது எல்லாம் என் வேலை. பத்து வருசமாக அந்தத் தரையில் ஒரு இலையான் பறந்து வந்து குந்தி எழும்பினால்கூட எனக்குத் தெரியும். 'சுத்தம் சோறு போடும்' என்று வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன். நீங்கள் வந்த அன்றைக்கே, நான் துடைத்த தரையில் நின்று, "அண்ண, இவ்வளவு மினுங்கினா கிழவிமார் வழுக்கி விழுவாங்க" என்றீர்கள். எங்கள் பக்கத்து 'அண்ணை' உங்கள் வாயில் அரைகுறையாக வந்தது. முல்லைத்தீவில் பிறந்து, கைக்குழந்தையாக மற்ற முஸ்லிம் சனங்களோடு அங்கிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. எந்த மருந்தை யார் புகழ்ந்தாலும் அதைத்தான் கேட்பீர்கள்: "குடுக்காட்டி என்ன நடந்திருக்கும்?" ஒரு கமக்காரர் சளித் தடிமனுக்குக் குளிசை குடித்து ஒரு கிழமையில் சுகமானேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். குடிக்காவிட்டாலும் ஒரு கிழமையில் மாறியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். மனிசன் முகம் சுருங்கிப் போனார். வாய்க்கொழுப்பு என்று நான் மனதுக்குள் திட்டினேன். கும்பிட வந்தவனின் கும்பிடை வாங்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அந்தக் கேள்வி ஒருநாள் என் வீட்டு ஆளின் கட்டிலடிக்கே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

காலபோகம். வயலெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பயிர். பாம்புக்கடிக் காலம் அதுதான். பின்னேரம் மூன்றரை மணியிருக்கும். உழவு மெசின் ஒன்று பெட்டியோடு ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வழக்கம்போல ஓடினேன். பெட்டிக்குள் சாக்கின் மேல் யோகம் கிடந்தாள். கணுக்காலுக்கு மேலே சீலைக் கரையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாதம் ஊதி நீலம் பாரித்திருந்தது. சத்தி எடுத்துச் சட்டையெல்லாம் நனைந்திருந்தாள். புல்லுப் பிடுங்கும்போது கடித்ததாம். கூட வந்த மூன்று பேரும் மூன்று பாம்பு சொன்னார்கள். ஒருவர் புடையன் என்றார், ஒருவர் சுருட்டை என்றார், மற்றவர் வால் மட்டும்தான் கண்டவராம். யோகம் ஒன்றையும் காணவில்லை.

புடையன் கடித்தால் இரத்தம் உறையாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடிக் குழாய். கொஞ்ச இரத்தத்தை எடுத்துக் குழாயில் விட்டு, இருபது நிமிசம் ஆட்டாமல் அசைக்காமல் மேசையில் வைக்கவேண்டும். பிறகு சரித்துப் பார்க்கவேண்டும். கட்டியாகிவிட்டால் அந்த நேரத்துக்கு இரத்தத்தில் விசத்தின் வேலை இல்லை. தண்ணியாக ஓடினால் விசமுறிவு ஊசி. ஒரு மெசினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒரு குழாயும் ஒரு மணிக்கூடும் போதும்.

அந்த விசமுறிவு மருந்தைப் பற்றியும் நீங்கள்தான் எனக்கு விளங்கச் சொன்னீர்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. விசம் ஏறியவனுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் சில உடம்பு அதை ஏற்காது. தோல் தடித்து, மூச்சு அடைத்து, பிரஷர் விழுந்து, கண் முன்னாலேயே ஆள் போய்விடலாம். விசம் ஏறியவனுக்கு அந்த ஆபத்தை எடுக்கத்தான் வேண்டும். ஏறாதவனுக்கு அந்த ஆபத்து மட்டும்தான் மிச்சம். யோகத்துக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மாரிப் பனிக்கே மூச்சு இழுத்துக்கொண்டு எழும்பி இருப்பவள்.

முதல் இருபது நிமிசம் நான் ஒழுங்காகத்தான் நின்றேன். நீங்கள் தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்து யோகத்தின் இரத்தத்தை விட்டு மேசையில் வைத்தீர்கள். டொக்டர் சேலைன் ஏற்றினார். நீங்கள் காலில் இருந்த கட்டை மெல்ல மெல்லத் தளர்த்தினீர்கள். நேரம் வந்ததும் டொக்டர் குழாயை எடுத்துச் சரித்தார். தேத்தண்ணி மாதிரி ஓடியது.

டொக்டர் சின்ன வயது, நல்ல பிள்ளை. ஊசிப் போத்தல்களை எடுக்கச் சொன்னார். நான் எடுத்து வந்து வரிசையாக வைத்தேன். நீங்கள் மட்டும் அசையவில்லை. யோகத்தின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல் முரசைப் பார்த்தீர்கள். இரத்தக் கசிவு இல்லை. கடிவாய் காய்ந்திருந்தது. கட்டை அவிழ்த்ததும் பாதத்தின் நீலம் இறங்கியிருந்தது. சத்தி எப்போது வந்தது என்று கூட வந்தவர்களிடம் கேட்டீர்கள். வேப்பிலைச் சாறு பருக்கிய பிறகு என்றார்கள். ஒரு செம்பு வேப்பிலைச் சாறு குடித்தால் பாம்பு கடிக்காதவனும் சத்தி எடுப்பான் என்றீர்கள். பிறகு மேசையில் இருந்த குழாயைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள்.

"இந்தக் குழாய் எங்கால, அண்ண?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு பெருமை. புதுக் குழாய் வரத் தாமதமென்று கண்டு, பாவித்து எறிய வைத்திருந்தவை எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே சேர்த்து எடுத்து, சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவி, அவித்து, வெயிலில் காயவைத்துத் தட்டில் அடுக்கி வைத்தவன் நான். புதியதைவிட மினுங்கிக்கொண்டிருந்தன.

உங்கள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. சவர்க்காரம் பட்ட கண்ணாடியில் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம் என்று டொக்டரிடம் சொன்னீர்கள். எவ்வளவு கழுவினாலும் அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். டொக்டருக்கு அது படித்த விசயம்தான், உடனே விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன? குழாய் பொய் சொல்லலாம், உண்மையும் சொல்லலாம். புடையனாகவும் இருக்கலாம். இன்னும் இருபது நிமிசம் பொறுத்து, அதற்குள் உள்ளே எங்காவது இரத்தம் கசியத் தொடங்கினால்? ஊசியைப் போட்டு, அந்தத் தொய்வு நெஞ்சு அடைத்துவிட்டால்? டொக்டர் போத்தலைப் பார்த்தார், யோகத்தைப் பார்த்தார். அவருடைய நெற்றி வியர்வை சட்டையில் விழுந்தது.

பிரசவ அறை அலுமாரியில் புதுக் குழாய் இரண்டே இரண்டு கிடந்தது. ஒன்றில் யோகத்தின் இரத்தத்தைத் திரும்ப எடுத்தீர்கள். பிறகு நான் கழுவிய குழாய் ஒன்றைக் கையில் எடுத்து, உங்கள் சட்டைக் கையை மடித்து, டொக்டரிடம் கையை நீட்டினீர்கள்.

"என்னைப் பாம்பு கடிக்கல்ல, டொக்டர். என்ட இரத்தமும் இதுல உறையாட்டி குழாய்தான் பிழை. இருபது நிமிஷம் தாங்க."

டொக்டர் தந்தார். ஒவ்வாமை வந்தால் போடும் மருந்தை இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, யோகத்தின் கையை நாடியோடு பிடித்தபடி தந்தார்.

அந்த இருபது நிமிசத்தில் நான் மனிசனாக இருக்கவில்லை. நான் முன்கோபக்காரன், உங்களுக்குத் தெரியும். ஊசி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது, மனிசி கட்டிலில் கிடக்கிறாள், நீங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். முதலில் கெஞ்சினேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இப்பவே போடுங்கோ மிஸ் என்றேன். பிறகு கத்தினேன். கதவடியில் நின்றவர்களும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். யோகம் என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள், சும்மா இருங்கோ என்பதுபோல. எனக்கு அது சாகிறவளின் கையசைப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"நீங்கள் இந்த ஊர் ஆள் இல்லை. இஞ்ச ஆர் செத்தால் உங்களுக்கென்ன?"

கைக்குழந்தையாக இந்த மண்ணிலிருந்து தூக்கி எறியப்பட்டவரைப் பார்த்து நான் சொன்னது அது. எத்தனை தடவை இடம்பெயர்ந்து, எத்தனை ஊரில் 'நீ எந்த ஊர்' என்று மற்றவர்கள் கேட்க மானம் கெட்ட நான் சொன்னது. நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்திருந்த உங்கள் விரல் மட்டும் வெளிறியது.

"இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு, அண்ண," என்றீர்கள்.

அந்தப் பதினொரு நிமிசத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், வெளியே யாரோ உழவு மெசினை நிற்பாட்டாமல் விட்டிருந்த சத்தமும்தான் நினைவிருக்கிறது. நேரம் முடிந்ததும் டொக்டர் உங்கள் குழாயை முதலில் எடுத்தார். சரித்தார். ஓடியது. பாம்பே காணாத உங்கள் இரத்தம் நான் கழுவிய குழாய்க்குள் தண்ணியாக ஓடியது. பிறகு புதுக் குழாய். யோகத்தின் இரத்தம் அதற்குள் இறுகிக் கட்டியாகி நின்றது. டொக்டர் கவிழ்த்தே பிடித்தார். ஒரு துளி விழவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் துடைத்த தரைதான். நீங்கள் ஊசிப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குளிர்பெட்டிக்குள் திரும்ப வைத்தீர்கள். அதோடு விட்டுவிடவும் இல்லை. இது இப்போதைய பதில் மட்டும்தான், விசம் பிந்தியும் ஏறலாம் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து புதுக் குழாய் எடுப்பித்து, மறுநாள் வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள். எல்லாத் தடவையும் உறைந்தது. மூன்றாம் நாள் யோகம் நடந்து வீட்டுக்குப் போனாள்.

ஆனால் உங்கள் கேள்வி அங்கே முடியவில்லை. மறுநாளே பதிவுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, குழாய் எப்போதிருந்து கழுவினீர்கள் என்று என்னிடம் கேட்டீர்கள். அந்த நாட்களுக்குள் பாம்புக்கடிக்கு ஊசி போட்டது ஒரே ஒருவருக்கு. தர்மபுரத்திலிருந்து உழவு மெசினோடு இங்கே வேலைக்கு வந்திருந்த மனிசன். ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு நின்றதுபோலாகி, அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தப்பி வந்தவர். நான்தான் அவரை அம்புலன்சுக்குத் தூக்கினவன். அவருக்கு விசம் ஏறியிருந்ததோ இல்லையோ, இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே சாட்சியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினவன் நான்.

என் வேலை போகும் என்று நினைத்தேன். டொக்டருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தை எனக்கும் வாசிக்கத் தந்தீர்கள். 'குழாய்களை நாங்கள் கழுவிப் பாவித்தோம்' என்று இருந்தது. உதவியாளன் என்ற சொல்லே அதில் இல்லை. கீழே உங்கள் கையெழுத்து. ஏன் மிஸ் என்று கேட்டதற்கு, தட்டில இருந்து எடுத்தது நான்தானே, பாக்காம எடுத்ததும் பிழைதான் என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "சுத்தம் சோறு போடும், அண்ண. இரத்தத்த உறைய வைக்காது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக நான் அடி வாங்கியிருக்கலாம்.

அந்தத் தர்மபுரத்து மனிசன் ஒரு மாதம் கழித்துப் பூசணிக்காயோடு வந்தார். ஊசி போட்டு உயிர் காத்த ஆஸ்பத்திரிக்கு நன்றியாம். நான் வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் அனுப்பத்தான் பார்த்தேன். நீங்கள் அவரைக் கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் நம்பவில்லை. "நான் உயிரோட இருக்கிறன்தானே, பிறகென்ன மிஸ்?" என்று கேட்டார். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "நீங்க ஊசியால தப்பினீங்களோ தெரியாது, ஐயா. ஊசியில இருந்து தப்பினது மட்டும் நிச்சயம்." அவருக்கு விளங்கியதோ என்னவோ. பூசணிக்காயைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் காட்டச் சொல்லி, அந்த ஊசி உடம்புக்கு ஒவ்வவில்லை என்று ஒரு துண்டில் எழுதி அவர் பையில் வைத்தீர்கள்.

நான் உங்களைப் பார்த்துச் சொன்னதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அந்த நோன்புப் பெருநாளுக்கு யோகத்துக்கு உங்கள் வீட்டு வட்டிலப்பம் வந்தது. அடுத்த பெருநாளுக்கும் வந்தது. மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். நீங்கள் கட்டில் விரிப்பு எங்கே, வாளி எங்கே என்று வேறு கதை தொடங்குவீர்கள். பிறகு மாற்றலாகிப் போனீர்கள். பிறகு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள்.

இரத்தத்தில்தான் உங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டபோது, அன்றைக்கு மேசையில் இருந்த உங்கள் குழாய்தான் என் கண்ணுக்குள் வந்தது.

பாருங்கள் மிஸ், இவ்வளவும் கண்ட பிறகும் நான் என்ன செய்தேன் என்று. பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் ஒருவர் இலைத்தூள் கொடுக்கிறார், இதே வருத்தம் மூன்று பேருக்குச் சுகமாகியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் போய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு உங்களுக்குப் போன் எடுத்தேன். உங்கள் குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் கேள்வி மெலியவில்லை.

"அதக் குடிச்சும் மௌத்தானவங்க எத்தன பேர், அண்ண? கேட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாகிற நேரத்திலும் உங்களுக்குக் கணக்கோ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நீங்களே சொன்னீர்கள், ஆஸ்பத்திரி மருந்தும் எல்லோருக்கும் கேட்பதில்லை என்று. "ஆனா சுகமானவங்களயும் சுகமாகாதவங்களயும் ரெண்டையும் எழுதி வச்சிருக்காங்க. அதனால நம்பிக் குடிக்கிறன். நீங்க அவருட்டப் போய்க் கேட்டு வாங்க. பதில் சொன்னா நானும் குடிக்கிறன்."

போனேன். மறுநாளே போனேன். பரந்தனில் அந்த மனிசன் கொட்டிலுக்குள் இருந்து இலை உலர்த்திக்கொண்டிருந்தார். குடித்தும் சுகமாகாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சுகமானவைதான் திரும்பி வந்து சொல்லுவினம், தம்பி. மற்றவை ஏன் வருகினம்?" என்றார். நல்ல மனிசன், பொய் சொல்லவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்று நான் தனியாகச் சிரித்தேன். உங்கள் கேள்விக்கு அவரே தெரியாமல் பதில் சொல்லிவிட்டார். இதை உங்களுக்குச் சொன்னால் நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே போன் எடுத்தேன். உங்கள் தம்பி எடுத்தார். விடியப்புறம் போய்விட்டீர்கள் என்றார்.

அந்தப் பதில்தான் இது. கொண்டுவந்து தந்துவிட்டேன். பொட்டலம் இன்னும் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கிறது.

நேற்றுப் பின்னேரம் ஒரு கிழவரைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் கரையில் பாம்பு கடித்ததாம். டொக்டர் இப்போது வேறு ஆள், ஆனால் நீங்கள் தொடக்கி வைத்தது நிற்கிறது. பாம்புக்கடி வந்தால் இரண்டு புதுக் குழாய். ஒன்றில் கடிபட்டவரின் இரத்தம், மற்றதில் என்னுடையது. நீங்கள் மாற்றலாகிப் போனதிலிருந்து இரண்டாவது குழாய்க்குக் கை நீட்டுகிறவன் நான்தான். வேறு ஒருவரையும் நான் நீட்ட விடுவதில்லை. கிழவரின் மகன் கதவடியில் நின்று குதித்தான். ஏன் இன்னும் ஊசி போடவில்லை, உங்கட தகப்பன் எண்டால் பொறுப்பீங்களோ என்று என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் கையைத் தட்டவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"இன்னும் பதினொரு நிமிசம் இருக்கு, தம்பி," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. அந்த வசனத்தைச் சொல்ல எவ்வளவு பயத்தை விழுங்கவேண்டும் என்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. நீங்கள் அன்றைக்குப் பயப்படவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நேரம் முடிந்தது. என்னுடையது கட்டியாக நின்றது. கிழவருடையது தண்ணியாக ஓடியது. குழாய் பொய் சொல்லவில்லை. டொக்டர் ஒரு நிமிசமும் யோசிக்காமல் விசமுறிவை ஏற்றினார். நடுவில் கொஞ்சம் உடம்பு தடித்தது, அதற்கும் மருந்து கையில் இருந்தது. இன்று விடிய அவருடைய இரத்தம் உறைந்துவிட்டது. கொடுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இந்த முறை கேட்கத் தேவையில்லை, மிஸ்.

நீங்கள் இந்த ஊர் ஆள் இல்லை என்று சொன்னேனே. அதற்கு மன்னிப்பு என்று எழுதினால் இவ்வளவு சின்னச் சொல்லாகத் தெரிகிறது. நேற்று மகன்காரன் வெளியே போகும்போது, ஏன் அண்ணை உங்களையும் குத்தினவை என்று கேட்டான். எங்கட ஊர் மிஸ் ஒராள் பழக்கிவிட்டது என்று சொன்னேன். அவ எந்த ஊர் என்று கேட்டான். முல்லைத்தீவு என்றேன்.

யோகம் கிணற்றடியிலிருந்து கூப்பிடுகிறாள். போர்வை பிழிய ஒரு ஆள் வேண்டுமாம், தனியே முடியாதாம். அந்த வாசத்துக்குள்தான் போகவேண்டும். பரவாயில்லை. ஒரு முனையை அவள் பிடிப்பாள், மற்ற முனையை நான் பிடிக்கிறேன்.